பிழை வராத வியாழக்கிழமை

அந்த வாரம் என் மகள் தினமும் சரியாக மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஸ்ரீராம்புரத்துச் சந்துகளுக்குள் எந்த வண்டியும் இரண்டு நாள் ஒரே நிமிடத்தில் வந்து சேர்ந்ததில்லை. வேறு யார் கவனிக்காவிட்டாலும் நான் கவனித்திருக்க வேண்டும். அதைக் கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மல்லேஸ்வரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியதையும் இறங்கியதையும் பெற்றோருக்குச் சொல்லும் ஆப்பை நடத்துகிறோம். பிள்ளை ஏறும்போது கழுத்தில் தொங்கும் கார்டைப் படிக்கட்டுக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் காட்டும். பீப் என்று சத்தம் வரும். இறங்கும்போது இன்னொரு பீப். இந்த பீப்கள் வந்து விழும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அது இரண்டு சர்வர்களில் இருக்கிறது. எல்லாம் முதலில் எழுதப்படுவது பிரைமரியில். பிரைமரி எழுதுவதை வரிவரியாக வாங்கி, அதே வரிசையில் தன்னிடமும் எழுதிக்கொள்வது ரெப்ளிகா. பிரைமரிக்குச் சுமை ஏறக்கூடாது என்பதால் படிக்க வருபவர்களை எல்லாம் ரெப்ளிகாவுக்கு அனுப்பிவிடுவோம். பெற்றோர் ஃபோனில் பார்ப்பதும், பஸ்ஸிலிருக்கும் ஆயாம்மாவின் டேப்லெட்டில் பச்சை டிக் விழுவதும் ரெப்ளிகாவின் வாக்கை நம்பித்தான். இரண்டும் ஒன்றையே சொல்லும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

திங்கட்கிழமை மூன்று ஐம்பத்தாறுக்கு ரெப்ளிகா நின்றது. பிரைமரி ஒரு வரியை எழுதச் சொல்கிறது, அந்த வரி என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாவது முறை எழுத முடியாது என்பதுதான் பிழைச் செய்தியின் பொருள். எங்கள் தொழிலில் இது சாதாரணம். வரியின் கடைசியில் கார்டு எண் இருந்தது. அதை நான் மனப்பாடமாக அறிவேன். என் மகளின் கார்டு.

நான்கு மணிக்கு நகரத்தில் பாதிப் பெற்றோர் ஃபோனைத் திறப்பார்கள். ரெப்ளிகா நின்றால் எல்லாப் பிள்ளைகளும் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தெரியும். அந்த நேரத்தில் யாரும் காரணம் தேடுவதில்லை. முரண்டு பிடிக்கும் அந்த ஒரு வரியைத் தாண்டச் சொல்லிவிட்டு ரெப்ளிகாவை ஓட விடுவோம். ஸ்கிப் என்போம். நானும் ஸ்கிப் செய்தேன். அவள் இறங்கியதாக ரெப்ளிகாவில் வரி இருக்கிறது, அவள் இறங்கியும் இருக்கிறாள், இதில் எதை இழந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி நின்றது. மறுபடி அதே கார்டு.

"இன்னிக்கும் உங்க மகாராணிதானா மேடம்?" என்றார் அடுத்த மேசைக்காரர். என் வயதுதான் அவருக்கும். கன்னடக்காரர், பத்து வருடம் எங்களோடு உட்கார்ந்து தமிழ் பழகியவர். "ஊரையே நிப்பாட்டிட்டு எறங்கறாங்க. கர்மா!"

சிரித்தேன். ஸ்கிப் செய்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கீழ்வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அக்காவுக்கும் எனக்கும் கோலார் தங்கவயல்தான் பூர்வீகம். இரண்டு பேருடைய அப்பாக்களும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். என் கணவர் ஹூப்ளியில் வேலையாக இருந்த அந்த வாரம் முழுவதும் நான் வரும்வரை மகளைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

"இன்னாமா உங்க பஸ்ஸு, நாலே கால் ஆச்சு இன்னிக்கு. புள்ள மூஞ்சி வாடிப் போச்சு."

ஃபோனைப் பார்த்தேன். இறங்கினாள்: 3.52. அக்கா வீட்டுக் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமையும் நின்றபோது அடுத்த மேசைக்காரர் கேலி செய்யவில்லை. என் திரையைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருக்கும் பட்டியலில் மூன்று நாளாக ஒரே பிள்ளையிடம் வந்து நிற்கிறது. அவள் வேண்டாம் என்று யாரோ சொல்வதுபோல, அவள் ஏற்கெனவே இங்கே இருக்கிறாள் என்று யாரோ சொல்வதுபோல. வாரக் கடைசியில் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்தேன். ஸ்கிப் செய்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் கேட்டேன். "பஸ்ஸுல கார்டு காட்டறப்ப ஏதாச்சும் பிரச்சனை வருதாடி?"

"பீப்னு வருது. வேற இன்னா வரணும்?" என்றாள். மூன்றாம் வகுப்பு. எதற்கும் எதிர்க்கேள்வி. பிறகு தோசையைப் பிய்த்துக்கொண்டே, "ஆயாம்மாதான் தினம் கேலி பண்றாங்க. நீ எறங்கிட்டியே, இன்னும் இன்னாத்துக்கு இங்க ஒக்காந்துனு இருக்கேன்னு கேக்கறாங்க" என்றாள்.

"அது சும்மா வெளையாட்டுக்கு."

"எனக்குப் புடிக்கல மா."

இந்தப் பேச்சை நான் பலமுறை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை, எனக்குத் தேவையான முழு விவரத்தையும் தட்டுக்கு மேலே வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் சட்னி வேண்டுமா என்று கேட்டேன்.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கே ரெப்ளிகாவின் நிலையைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று ஐம்பத்திரண்டு கடந்தது. நான்கு ஆனது. நான்கு ஐந்து. ரெப்ளிகா நிற்கவில்லை. பிரைமரிக்கும் அதற்கும் இடைவெளி பூஜ்யம் நொடி. எல்லா விளக்கும் பச்சை.

"மகாராணி இன்னிக்கு வழி விட்டுட்டாங்க மேடம்!" என்றார் அடுத்த மேசைக்காரர்.

ஃபோனிலும் பார்த்தேன். இறங்கினாள்: 3.52. கீழே போய் இரண்டு பேருக்கும் காபி வாங்கி வந்தேன். அந்த வாரத்திலேயே நிம்மதியாகக் குடித்த காபி அதுதான். இப்போது நான் காபி குடிப்பதில்லை.

நான்கு பன்னிரண்டுக்கு அக்காவிடமிருந்து ஃபோன்.

"ஏம்மா, பாப்பாவ நீ வந்து கூட்டினு போயிட்டியா?"

"இல்லியே அக்கா. எறங்கி இருபது நிமிஷம் ஆச்சே."

"எங்க எறங்கினா? பஸ்ஸே நிக்கலமா. நான் வாசல்லதான் துணி மடிச்சினு இருக்கேன். சர்ருனு போயிடுச்சு."

"நின்னிருக்கும்கா. நீங்க உள்ள போயிருப்பீங்க. எங்க சிஸ்டத்துல மூணு அம்பத்திரண்டுன்னு வந்திருக்கு."

"அப்ப என் கண்ணு பொய்யி, உன் ஃபோனு நெசமா?"

"கோச்சிக்காதீங்கக்கா. பேக்கரியில பாருங்க. ஸ்டிக்கர் வாங்கணும்னு சொல்லினு இருந்தா, அந்தக் கடையில பாருங்க."

அக்கா போனார். காலில் செருப்பு போடாமல் போனார் என்று பிறகு தெரிந்தது. ஃபோன் அவர் கையிலேயே இருந்தது, அணைக்கவில்லை. அவர் மூச்சு கேட்டது, ஒவ்வொரு கடையிலும் அவர் கேட்பது கேட்டது. பேக்கரியில் இல்லை. ஸ்டிக்கர் கடை மூடியிருந்தது. பிள்ளையார் கோயிலில் இல்லை. சந்துமுனை இஸ்திரி வண்டிக்காரர், பள்ளி யூனிபாரத்தில் யாரையும் பார்க்கவில்லை என்றார். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு பதினாறு வீடு தள்ளி. அந்தப் பதினாறு வீட்டுக்குள் என் பிள்ளை காணாமல் போயிருந்தாள். யார் கூப்பிட்டிருப்பார்கள், எந்த வண்டி நின்றிருக்கும், எந்தக் கதவு திறந்திருக்கும் என்று என் மனம் அந்தத் தெருவை ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் இறங்கினாளா என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவே இல்லை.

கால் மணி நேரம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கால் மணி நேரமும் அவள் வேறு இடத்தில் இருந்தாள். அக்கா சொன்னதை நம்பியிருந்தால் நான் அப்போதே கிளம்பியிருப்பேன்.

அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்து, "போலீஸ்ல சொல்லிடலாம் மேடம். எந்த டைம்ல எறங்கினாங்க, காட்டுங்க" என்றார். காட்டுவதற்காக ரெப்ளிகாவில் அவள் கார்டு எண்ணைத் தட்டினேன். அவசரத்தில் தேதியைக் குறிப்பிட மறந்துவிட்டேன். அதனால் அவளுடைய வரிகள் எல்லாம் வந்தன. மாலை இறங்கிய வரிகளில் கடைசி ஐந்தும் ஒன்றுபோல் இருந்தன. திங்கள், இறங்கினாள், 3.52. செவ்வாய், 3.52. புதன், 3.52. வியாழன், 3.52.

வெள்ளி, இறங்கினாள், 3.52.

அவர் திரைக்கு அருகில் குனிந்தார். "மேடம்," என்றார் மெதுவாக. "வெள்ளின்னா நாளைக்கு."

நாளைக்கும் அவள் இறங்கியிருந்தாள்.

அடுத்த கணம் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று ஒத்திகை. பிரைமரி ஒருநாள் செத்துப்போனால் ரெப்ளிகா அதன் இடத்துக்கு வர முடியுமா என்று பார்ப்பதற்காக, ரெப்ளிகாவில் நேரடியாக எழுத அனுமதித்து, ஒரு வாரத்துப் பயணங்களைக் கற்பனையாக எழுதிப் பார்த்தோம். இப்படிச் சோதிக்கும்போது அடுத்தவர் பிள்ளையின் கார்டைத் தொடக்கூடாது என்று எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. பொய்க்குக்கூட இன்னொருவர் பிள்ளையைத் தொலைக்கக்கூடாது, தொலைப்பதென்றால் நம் பிள்ளை. அதனால் என் மகளின் கார்டைப் போட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை, இறங்கும் நேரம் 3.52.

முடிந்ததும் அந்த வரிகளை அழிக்கவும் செய்தேன். இரண்டு சர்வருக்கும் இரண்டு ஜன்னல், இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே மாதிரி. அழிக்கும் கட்டளையைப் பிரைமரியின் ஜன்னலில் கொடுத்திருக்கிறேன். பூஜ்யம் வரிகள் அழிக்கப்பட்டன என்று பதில் வந்தது. பூஜ்யம் என்றால் மிச்சம் எதுவும் இல்லை, சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அழிக்க வேண்டியவை ரெப்ளிகாவில் உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றும் தன் நாளுக்காகக் காத்துக்கொண்டு.

மூன்று நாள் வந்த பிழையின் பொருள் இப்போது புரிந்தது. அவள் நிஜமாகவே இறங்கும்போது பிரைமரி அந்த வரியை அனுப்பும். ஒரு பிள்ளைக்கு ஒரு மாலையில் இறங்கிய வரி ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால், நேரம் வேறாக இருந்தாலும் ரெப்ளிகாவில் இருக்கும் பொய் வரியில் அது மோதும். மோதினால் பிழை. பிழை வந்த மூன்று நாளும் என் பிள்ளை வீடு வந்து சேர்ந்திருக்கிறாள்.

இன்று மோதல் இல்லை. இன்று பிரைமரி எதையும் அனுப்பவில்லை.

பிரைமரியைத் திறந்தேன். வியாழன் மாலைக்கு ஒரே ஒரு வரி. ஏறினாள், 3.24. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த பஸ் எங்கே என்று பார்த்தேன். யஷ்வந்தபுரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், பஸ்கள் நிறுத்தும் மைதானம். என்ஜின் அணைந்தது 4.21. அப்போது மணி 4.33.

டிரைவர் ஃபோனை எடுக்கவில்லை. அடுத்த மேசைக்காரர் நம்பர் மாற்றி நம்பர் போட்டுக்கொண்டே என்னோடு படியிறங்கினார். ஆட்டோக்காரரிடம் அவர் கன்னடத்தில் என்ன சொன்னாரோ, அந்த மனிதர் மீட்டர் போடவில்லை, பேசவில்லை, நடைபாதை மேலெல்லாம் ஏற்றி ஓட்டினார். மார்ச் மாத வெயில். மூடிய பஸ்ஸின் தகரக்கூரை எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். நான் அதை நினைக்கக்கூடாது என்று முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு டோக்கன் உண்டு. மேலே வந்ததும் அதைப் பலகையில் அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே, தேடப் போவார்கள். அப்பா எதற்கும் கோபப்படாதவர். ஒருமுறை மட்டும், கூட்டாளிக்கு உதவி செய்வதாக நினைத்து அவன் டோக்கனையும் சேர்த்து மாட்டிவிட்ட ஒருவனை அறைந்துவிட்டு வந்தார். அவன் கூட்டாளி பின்னாலேயே மேலே வந்துவிட்டான், ஒன்றும் ஆகவில்லை. "வராத ஆளுக்கு டோக்கன் மாட்டிட்டா அவனத் தேடறதுக்கு எவன் போவான்?" என்று அம்மாவிடம் கத்தினார். ஆட்டோவில் அது மட்டுமே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மைதானத்து வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மறுத்தார். "எல்லா பஸ்ஸும் காலி மேடம். டேப்லெட்ல பாத்துட்டுத்தான் சாவி கொடுக்கறாங்க. யாரும் இல்ல."

"டேப்புல இருக்கறது பொய்யி," என்றேன். "அத எழுதினது நான்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார்.

வரிசையாக மஞ்சள் பஸ்கள். எல்லாம் ஒரே மாதிரி. எண்ணைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். கண்டுபிடித்த பஸ்ஸின் ஜன்னல்களில் வெயில் பட்டு உள்ளே எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டினால் என் முகம்தான் தெரிந்தது. வாட்ச்மேன் முன்கதவைத் திறந்ததும் ரெக்ஸின் வாசனையோடு சூடு முகத்தில் அடித்தது.

கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பையை மாட்டிக்கொண்டு, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை. முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாட்ச்மேன் பானையிலிருந்து தண்ணீர் கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"தூங்கிட்டேன் மா. ஆயாம்மா இன்னிக்கு வரல, வேற ஆன்ட்டி. அந்த ஆன்ட்டி டேப்பு பாத்துப் பாத்து எல்லார் பேரும் படிச்சாங்க. என் பேரும் படிச்சாங்க. எறங்கியாச்சுன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா ஏண்டி கத்தல?"

"எறங்கிட்டேன்னு நெனச்சேன். நான் வீட்டுல இருக்கேன்னு நெனச்சு மறுபடி தூங்கிட்டேன்." கையிலிருந்த கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பறம் முழிச்சா யாரும் இல்ல. கார்டு காட்டிக் காட்டிப் பாத்தேன். பீப்பே வரல."

பெட்டிக்கு மின்சாரம் பஸ் என்ஜினிலிருந்து. அணைத்தால் பெட்டியும் அணைந்துவிடும். அதை நான் அவளிடம் விளக்கவில்லை. அடுத்த மேசைக்காரர் சற்றுத் தள்ளி, பஸ் டயர் மேல் கைவைத்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் இரண்டு பெண்கள்.

டாக்டர், ஒன்றும் பயமில்லை, நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். வீட்டு வாசலில் அக்கா காத்துக்கொண்டிருந்தார். மகளை மட்டும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். எட்டு வயதுப் பிள்ளையை. நான் பின்னாலேயே போய், "உங்க கண்ணுதான்கா நெசம்" என்றேன். "அத இப்ப வந்து சொல்லு," என்றார் திரும்பாமல்.

அன்று மாலையே பஸ்காரர்கள் அந்த மாற்று ஆயாம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. கடைசி சீட் வரை நடந்து பார்த்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் எங்கள் நிறுத்தத்துக்கு முன்பே அவர் கையில் பச்சை டிக்கைக் கொடுத்தது நான். என் மேலதிகாரிக்கும் பஸ்காரர்களுக்கும் நடந்ததை ஒரே கடிதமாக எழுதி அனுப்பினேன். பிழையை மூன்று முறை ஸ்கிப் செய்ததையும் எழுதினேன். அந்த அம்மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வேறு வழித்தடத்தில். எனக்கு என்ன தண்டனை என்று யாரும் பேசவில்லை. எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ரெப்ளிகாவைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பிரைமரியிலிருந்து புதிதாக ஒன்றைப் பிரதியெடுப்பது என்று முடிவானது. ஆயாம்மாக்களின் டேப்லெட்டை உடனே பிரைமரிக்கு மாற்றினார்கள். பெற்றோர் ஆப் மட்டும் புதியது தயாராகும்வரை, வெள்ளிக்கிழமை மாலைவரை, பழையதில் ஓடும். அதிலிருக்கும் அந்த வெள்ளிக்கிழமை வரியை மட்டும் அழித்துவிட வேண்டும். நானே செய்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நானும் போகவில்லை. வீட்டிலிருந்தே ரெப்ளிகாவுக்குள் போய், இந்த முறை அது ரெப்ளிகாதான் என்று மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். அவள் கார்டு எண், வெள்ளிக்கிழமைத் தேதி. என்டரை அழுத்துவதுதான் பாக்கி. இருபது வருடமாகச் செய்கிற வேலை. விரல் போகவில்லை. அவள் கார்டு எண்ணுக்கு முன்னால் அழி என்று எழுதியிருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் பக்கத்தில்தானே இருக்கிறாள், யாருக்கு என்ன கெடுதல் என்று கட்டளையை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

மத்தியானம் அவள் ஜன்னலோரம் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவள் பாதம் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், தொடும்படி.

ஃபோன் ஒலித்தது. அவள் என்னை முந்திக்கொண்டு எடுத்துப் படித்தாள். வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் அவளுக்கு.

"உங்கள் பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மூணு அம்பத்திரண்டு." நிமிர்ந்தாள். "மா, நான் இங்கதானே இருக்கேன்?"

"இங்கதான் இருக்க."

"அப்ப யாரு எறங்கினா?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நானும் எழுந்தேன். சந்துமுனையில் பஸ் தெரிந்தது. எங்கள் நிறுத்தத்தில் நின்றது. வழக்கமான ஆயாம்மா இறங்கி, அங்கே நின்றிருந்த கீழ்வீட்டு அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா எங்கள் ஜன்னலைக் காட்டினார். ஆயாம்மா மேலே பார்த்துக் கையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் உடனே கிளம்பவில்லை. உள்ளே அவர் ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்து கடைசி சீட் வரை நடந்துபோவது தெரிந்தது. குனிந்து பார்த்தார். திரும்பி வந்தார். கதவு மூடியது.

மகள் கண்ணெடுக்காமல், பஸ் நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து யாராவது நம் வீட்டுப் பக்கம் நடந்து வருகிறார்களா என்று பார்ப்பதுபோல.

நானும் பார்த்தேன். பதினாறு வீட்டையும் பார்த்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டே மேசைக்குப் போய், காத்திருந்த அந்தக் கட்டளைக்கு என்டரை அழுத்தினேன். ஒரு வரி அழிக்கப்பட்டது என்று பதில் வந்தது. கையை விடாமல் அதை இரண்டு முறை படித்தேன்.